பால்மரச் சாலையில் ஒரு சைக்கிள் சோதனை

ஈப்போவின் புந்தோங்கில் ஒரு வீட்டு முன்கூரையின் கீழ் நடக்கிறது அந்தப் பட்டறை. பெயர்ப்பலகை இல்லை. உத்திரத்திலிருந்து கயிற்றில் தொங்கும் இரண்டு கொக்கிகள்தாம் சைக்கிள் ஸ்டாண்டு. சுவரில் மூன்று வகை டயர்கள் மாட்டியிருக்கின்றன: பழைய ராலே சைக்கிளுக்குப் போடும் பெரிய சக்கர டயர், பசாருக்குப் போய்வரும் சைக்கிளின் டயர், இக்கால ரோட் பைக்கின் ஒல்லி டயர். பட்டறைக்காரர் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். ரப்பர் ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்றவர். நான் அவரை அண்ணே என்பேன். என்னோடு வந்த பெண்ணுக்கு அவர் அங்கிள்.

அந்தப் பெண் என் பக்கத்து வீட்டுக்காரர், அரசு மருத்துவமனையில் தாதி. பழைய அலுமினிய ரோட் பைக் ஒன்றை வாங்கி, வார நாளில் வேலைக்கும் ஞாயிறுகளில் ஒரு குழுவோடு தஞ்சோங் ரம்புத்தான் பக்கமும் ஓட்டுகிறார். இருபது கிலோமீட்டர் தாண்டினால் முழங்காலின் முன்பக்கம் வலிக்கிறது. மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப்போகின்றன. சீட்டை மாற்று என்றார் குழுவில் ஒருவர். கார்பன் சக்கரம் போட்டால் எல்லாம் சரியாகும் என்றார் இன்னொருவர். அதற்காகவே அவர் மாதாமாதம் பணம் ஒதுக்கத் தொடங்கியிருந்தார்.

நாங்கள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். எதையும் வாங்குவதற்கு முன் இருக்கும் வண்டியைச் சரிசெய்வது; மறுநாள் அதிகாலை ஈப்போவிலிருந்து கோலகங்சார் வரை பழைய கூட்டரசுச் சாலையில், ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர், ஓட்டிப் பார்ப்பது. வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை என்பதால் நமக்கு வாய்த்தது இந்தச் சாலைதான். சிமெண்டு லாரி, செம்பனைக் குலை ஏற்றிய லாரி, குழி, ஒட்டுப்போட்ட தார், மதியத்துக்கு மேல் மழை எல்லாம் இதில் உண்டு. அன்றாடம் ஓட்டுகிறவருக்கு உண்மையில் எது தேவை என்பதை இந்தச் சாலையே சொல்லிவிடும்.

அண்ணன் வண்டியைக் கொக்கியில் மாட்டவில்லை. சுவரோரம் சாய்த்துவிட்டு அந்தப் பெண்ணை ஏறி உட்காரச் சொன்னார். "வண்டி மூணு எடத்துல உங்கள தொடுது, ரெண்டு எடத்துல ரோட்ட தொடுதும்மா. கை, சீட்டு, காலு. அப்புறம் ரெண்டு டயரு. இந்த அஞ்சையும் மொதல்ல பாப்போம். மிச்சத்துக்கு அவசரமில்ல."

அளவுநாடாவும் தூக்குக்குண்டும்

முதலில் கால். செருப்பைக் கழற்றிச் சுவரில் முதுகு ஒட்டி நிற்கவைத்து, ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தைக் கவட்டையில் இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். புத்தகத்தின் மேல்விளிம்பிலிருந்து தரை வரை 78 செ.மீ. அதை 0.883 ஆல் பெருக்கினால் 68.9. பெடல் கட்டை சுழலும் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேல்பகுதி வரை இருக்கவேண்டிய உயரம் அது. பிரெஞ்சுச் சுற்றுப்பந்தயத்தை மூன்று முறை வென்ற அமெரிக்கர் கிரெக் லெமாண்டின் பெயரால் வழங்கும் கணக்கு இது. வண்டியில் அளந்தபோது 66 செ.மீ. தான் இருந்தது.

ஏன் இவ்வளவு தாழ்வு என்று கேட்டார். சிக்னலில் நிற்கும்போது இரண்டு காலும் தரையில் பதியவேண்டும் என்று அந்தப் பெண்ணே இறக்கியதாம். நகரத்தில் ஓட்டும் பலருடைய முழங்கால் வலிக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது. சீட் தாழ்ந்திருந்தால் ஒவ்வொரு மிதிக்கும் முழங்கால் அளவுக்கு மீறி மடங்கி, முட்டிச்சில்லின் மேல் அழுத்தம் ஏறுகிறது. சீட்டில் உட்கார்ந்தபடியே நிற்கவேண்டியதில்லை. பிரேக் பிடித்ததும் சீட்டிலிருந்து முன்னால் இறங்கி, ஒரு காலை ஊன்றி நிற்கலாம். இதை முன்கூரையின் கீழேயே சில முறை பழக்கிவிட்டார்.

கணக்கு தரும் எண் ஒரு தொடக்கம்தான். சரிபார்க்க இரண்டு வழி காட்டினார். குதிகாலைப் பெடலில் வைத்துக் கீழ்ப்புள்ளிக்குக் கொண்டுவந்தால் கால் நேராக வேண்டும். பாதத்தின் முன்பகுதியை வைத்து மிதிக்கும்போது அதே புள்ளியில் முழங்கால் 25 முதல் 35 பாகை வரை மடங்கியிருக்கவேண்டும். முழங்காலின் பின்புறம் இழுத்தாலோ, மிதிக்கும்போது இடுப்பு இரண்டு பக்கமும் ஆடினாலோ, சீட் அளவுக்கு மேல் உயர்ந்துவிட்டது என்று பொருள். ஏறக்குறைய மூன்று சென்டிமீட்டரை ஒரே நாளில் உயர்த்த அவர் சம்மதிக்கவில்லை. "இன்னிக்கு ஒன்றரை சென்டி போதும். மிச்சத்த அஞ்சஞ்சு மில்லியா, ரெண்டு வாரத்துல ஏத்துங்க. தச பழகணும்ல?" சீட் தண்டில் ஒரு சுற்று இன்சுலேஷன் டேப் ஒட்டிப் பழைய உயரத்தைக் குறித்துவைத்தார். பிடிக்கவில்லை என்றால் திரும்பிப் போக வழி இருக்கவேண்டுமாம்.

அடுத்து சீட்டின் முன்பின். பெடல் கட்டைகளைத் தரைக்கு இணையாக நிறுத்தி, முன்காலின் முட்டிச்சில்லிலிருந்து கொத்தனாரின் தூக்குக்குண்டை விட்டார். நூல் பெடல் அச்சின் மேல் விழுந்தால் நல்ல தொடக்கம். இரண்டு விரற்கடை முன்னால் விழுந்தது. சீட்டைப் பின்னால் தள்ளினார். பிறகு ஒரு பழைய பெட்டியின் நெளியட்டையைப் பெஞ்சில் போட்டு அந்தப் பெண்ணை உட்காரச் சொன்னார். எழுந்ததும் அட்டையில் இரண்டு பள்ளம். நடுவுக்கு நடு 12 செ.மீ. சீட் அதைவிட இரண்டு சென்டிமீட்டராவது அகலமாக வேண்டும். வண்டியில் இருந்த சீட்டின் அகலம் 14.3 செ.மீ. ஆக, சீட்டில் குற்றமில்லை.

அப்படியென்றால் விரல் ஏன் மரக்கிறது? ரசமட்டத்தைச் சீட்டின் மேல் வைத்தார். மூக்குப்பகுதி நன்றாகக் கீழே சாய்ந்திருந்தது. உட்காரும் இடம் வலித்ததால் யாரோ சொன்னதைக் கேட்டுச் சாய்த்தது. அப்படிச் சாய்த்தால் உடம்பு சறுக்கி முன்னால் வரும். அதைத் தடுக்கக் கைகள் முட்டுக்கொடுக்கும். உள்ளங்கையின் வெளியோரத்தில் ஓடும் நரம்பு நசுங்கி, மோதிர விரலும் சுண்டு விரலும் உறங்கிவிடும். சீட்டை மட்டமாக்கினார். ஸ்டெம்முக்கு மேலே கிடந்த இரண்டு வளையங்களைக் கீழே மாற்றி ஹேண்டிலைச் சற்று உயர்த்தினார்.

அந்த இடத்தில் அவர் செய்த வரிசையை வீட்டில் செய்கிறவர்கள் கவனிக்கவேண்டும். முதலில் மேல்மூடியின் திருகு, பிறகுதான் பக்கத்துத் திருகுகள். மேல்மூடி பால்ரஸுக்கு இறுக்கம் தருவதற்கு. ஸ்டெம்மைப் பிடித்துக்கொள்வது பக்கத்துத் திருகு. முன்பிரேக்கைப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் ஆட்டும்போது கடகடவென்று ஓர் ஆட்டம் கையில் தட்டினால் இறுக்கம் போதவில்லை. ஸ்டெம்மின் மேலேயே 5 நியூட்டன் மீட்டர் என்று அச்சிட்டிருந்தது. அளவுகாட்டும் டார்க் ஸ்பேனரால் அந்த அளவுக்கு மட்டும் முறுக்கினார். ஆலையில் பெரிய இயந்திரங்களைப் பிடித்த கை அது. சின்னத் திருகுகளிடம் கொஞ்சம் பயத்தோடுதான் நடந்துகொள்கிறது.

டயரின் ஓரத்தில் ஓர் எண்

சுவரில் தொங்கிய டயர்களைப் பற்றிக் கேட்டேன். பழைய ராலேயின் டயரில் 28 என்று போட்டிருக்கிறது. ரோட் பைக்கின் 700சி டயரையும் 28 அங்குலம் என்று விற்பதுண்டு. ஒன்று மற்றொன்றில் ஏறாது. ராலேயின் 28 × 1½ டயர் ரிம்மில் உட்காரும் வட்டத்தின் குறுக்களவு 635 மி.மீ.; 700சி டயருக்கு 622 மி.மீ. ஆகவே அங்குலக் கணக்கை மறந்துவிட்டு, டயரின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் இரட்டை எண்ணைப் பார்த்து வாங்கவேண்டும். 28-622 என்றால் அகலம் 28, வட்டம் 622. கடைசி மூன்று இலக்கம் ஒத்துப்போனால்தான் டயர் ஏறும்.

அந்தப் பெண்ணின் வண்டியில் இருந்தது 23 மி.மீ. டயர், காற்று 110 பி.எஸ்.ஐ. "பந்தயக்காரங்க இப்படித்தானே ஓட்டுவாங்க அங்கிள்?" என்றார். ஒரு காலத்தில் ஓட்டினார்கள். 1996இல் லங்காவி சைக்கிள் பந்தயம் தொடங்கிய நாளில் 23 மி.மீ. டயர்தான் பேச்சு. இன்று அதே பந்தயக்காரர்கள் 28 மி.மீட்டருக்கும் அதற்கு மேலும் போய்விட்டார்கள். கல்போல இறுகிய டயர் கண்ணாடி போன்ற தரையில் வேகமாக உருளும். ஒட்டுப்போட்ட தாரில் ஒவ்வொரு மேட்டுக்கும் வண்டியையும் ஆளையும் சேர்த்துத் தூக்கிப் போடும். தூக்கிப் போடச் செலவாகும் சக்தி நம் காலிலிருந்து போவதுதான். அகன்ற டயர் குறைந்த காற்றில் அந்த மேட்டை விழுங்கிக்கொள்கிறது.

ரிம்முக்கும் பிரேக்குக்கும் இடையில் இடம் இருப்பதைப் பார்த்துவிட்டு 28 மி.மீ. டயர் போட்டார் அண்ணன். 58 கிலோ எடையுள்ள அந்தப் பெண்ணுக்கு முன்னால் 60, பின்னால் 65 பி.எஸ்.ஐ. போதும். எண்பது கிலோவைத் தொடும் என்னைப் போன்றவருக்குப் பத்துப் பதினைந்து கூடும். டயரின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் பெரிய எண், தாண்டக்கூடாத எல்லை. அதுவரை அடிக்கவேண்டும் என்ற கட்டளை அல்ல.

என் வண்டி ட்யூப் இல்லாத வகை. உள்ளே ஊற்றும் வெள்ளைச் சீலண்ட் இந்த வெப்பத்தில் இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்துவிடும் என்பதால் புதிதாக ஊற்றச் சொன்னேன். மூடியைத் திறந்ததும் அவர் முகர்ந்து பார்த்துச் சிரித்தார். "ஸ்டோர்ல பால் நிறுக்கறப்ப அடிக்கிற வாடை இது." வாடை பொய் சொல்லாது. இத்தகைய சீலண்டுகள் பலவற்றில் இருப்பது இயற்கை ரப்பர் பால். அது கட்டிப்போகாமல் இருக்க அம்மோனியா சேர்க்கிறார்கள். தோட்டத்திலும் பாலுக்குச் சேர்த்தது அதுதான். ஓட்டை விழுந்தால் பால் கசிந்து, காற்றுப் பட்டு உறைந்து அடைத்துக்கொள்கிறது. மரத்தில் வெட்டிய கோட்டில் ஒட்டுப்பால் உறைவதும் ஏறக்குறைய இப்படித்தான்.

தாசேக், கந்தான், சுங்கை சிப்புட்

விடியும் முன் கிளம்பினோம். பின்னால் சிவப்பு விளக்கு, முன்னால் வெள்ளை விளக்கு, தலைக்கவசம், ஆளுக்கு இரண்டு தண்ணீர்ப் புட்டி. தாசேக் தாண்டியதும் வலப்புறம் சுண்ணாம்புக் குன்றுகள் இருட்டில் கறுப்பாக நின்றன. கந்தானில் ஒரு குன்றையே சிமெண்டுக்காக உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். அங்கே சாலையோரம் வெள்ளைப் பொடி படிந்து கிடக்கிறது. லாரி போனால் எழும்புகிறது. செயினில் எண்ணெய் வழிய ஊற்றிக்கொண்டு வருகிறவர்களுக்கு இந்த ஐந்து கிலோமீட்டர் போதும்: பொடியும் எண்ணெயும் குழைந்து, செயினையும் பற்சக்கரத்தையும் அராவும் கூழாகிவிடும்.

ஓரத்தில் ஓட்டுவதிலும் ஒரு தொல்லை உண்டு. லாரி டயர் வெடித்துச் சிதறிய துண்டுகள் ஓரமாகத்தான் ஒதுங்குகின்றன. அவற்றுக்குள் இருக்கும் மெல்லிய எஃகுக் கம்பி இழைகள் சாலையில் உதிர்ந்து கிடக்கும். கண்ணாடித் துண்டைக் கண்டு விலகலாம். இந்த இழை கண்ணுக்குத் தெரியாது. ஆகவே வெள்ளைக் கோட்டுக்கு வெளியே குப்பையில் ஓட்டாமல், கோட்டை ஒட்டி உள்ளே, நேராக, பின்னால் வருகிறவர் கணிக்கும்படி ஓட்டுவதே நல்லது.

கந்தானைத் தாண்டி நிறுத்தி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "முட்டி சும்மா இருக்கு அண்ணா. தொடைதான் புதுசா வேல செய்யுது." விரல்களை மடக்கி நீட்டிக் காட்டினார், மரக்கவில்லை.

சுங்கை சிப்புட் ஏறக்குறைய முப்பதாவது கிலோமீட்டர். தோசைக்கும் தே தாரிக்குக்கும் நிறுத்தினோம். 1948 ஜூன் 16ஆம் தேதி காலை, இந்த ஊர்ப்பக்கம் எல்பில் தோட்டத்து ஆபீசுக்கு மூன்று பேர் சைக்கிளில் வந்து, வெள்ளைக்கார மேனேஜரைச் சுட்டுவிட்டுப் போனார்கள். பக்கத்துத் தோட்டத்தில் இன்னும் இரண்டு பேர் கொல்லப்பட்டார்கள். நாட்டின் அவசரகாலம் அதிலிருந்து பிறந்தது. கொலைகாரர்கள் ஏன் சைக்கிளில் வந்தார்கள் என்று வரலாற்று நூல்கள் நிறுத்தி யோசிப்பதில்லை. தோட்டத்துக்குள் யாரும் திரும்பிப் பார்க்காத வண்டி அது ஒன்றுதான்.

தோட்டம் இருந்த இடம்

சுங்கை சிப்புட்டைத் தாண்டி ஒரு மண்பாதையில் திரும்பினோம். அண்ணன் பிறந்த தோட்டம் அங்கேதான். இப்போது கண்ணுக்கெட்டிய வரை செம்பனை. லயங்கள் இல்லை, ஒரு மாரியம்மன் கோயிலும், கிணற்றுச் சுற்றுச்சுவரும், வரிசை கலைந்த சில கிழப் பால்மரங்களும் மிஞ்சியிருக்கின்றன. கோயிலைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் முன்னாள் பால்வெட்டுத் தொழிலாளி. எங்கள் வண்டிகளைச் சுற்றிவந்து பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: "இதுல எங்கய்யா சாமான் வைப்பீங்க?"

அவர் காலத்துச் சைக்கிள் சாமான் வைப்பதற்கென்றே இருந்தது. பின்னால் பட்டறையில் அடித்துப் போட்ட கனத்த இரும்புக் கேரியர். அதில் இரண்டு பக்கமும் பால் டின். மழைக்காலத்தில் செம்மண் மட்கார்டுக்குள் அப்பிச் சக்கரத்தையே நிறுத்திவிடும் என்பதால் மட்கார்டைக் கழற்றிவிடுவார்களாம். பாரம் பின்னால் இருப்பதால் பின்டயரில் காற்றுக் கூட, முன்டயரில் குறைவு. ஏற்றத்தில் இறங்கித் தள்ளினால்தான் செயின் பிழைக்கும். சீட் எந்த உயரத்தில் இருந்தது என்று கேட்டேன். பெரியவர் தம் இடுப்பெலும்பில் உள்ளங்கையை வைத்துக் காட்டினார். "இங்க வரணும். கடையில வாங்குன மாதிரியே எவன்யா ஓட்டுவான்?"

டவுனும் கடையும் பல மைல் தள்ளி இருந்ததால் பழுதுபார்க்கும் கை ஒவ்வொரு லயத்திலும் இருந்தது. பிறகு கப்சாய் மோட்டார் சைக்கிள் வந்தது. ஐம்பதுகளின் பிற்பகுதியிலும் அறுபதுகளிலும் பெருந்தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றார்கள். சுங்கை சிப்புட்காரரான சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது, தொழிலாளர் பணத்தைச் சேர்த்தே தோட்டத்தை வாங்கி அதை எதிர்கொள்ளத்தான். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. மக்கள் டவுன் ஓரங்களுக்குப் போனார்கள். சைக்கிளோடு அந்தக் கையும் போய்விட்டது. இன்று ட்யூப் மாற்றக்கூடக் கடைக்குத் தூக்கிப் போகிற நம்மிடம், அன்றைய மேனேஜர் கண்டிராத வண்டி இருக்கிறது.

மண்பாதையிலிருந்து தார்ச்சாலைக்கு ஏறிச் சிறிது தூரத்தில் அந்தப் பெண்ணின் பின்சக்கரம் தட்டையானது. தாதிக்குக் கற்றுக்கொடுப்பதில் ஒரு வசதி: காயத்தைக் கட்டுவதுபோல் வரிசையாகச் செய்யவேண்டும் என்றதும் பிடித்துக்கொண்டார்.

செயினைச் சின்னப் பற்சக்கரத்துக்கு மாற்றிவிட்டுச் சக்கரத்தைக் கழற்றினோம். டயரின் ஒரு விளிம்பை மட்டும் நெம்புகோலால் தூக்கி ட்யூபை உருவினோம். காற்றடித்துக் கன்னத்தருகே சுற்றியபோது ஓட்டை தெரிந்தது. வால்வை வைத்து ட்யூபை டயரின்மேல் பொருத்திப் பார்த்தால், குத்திய பொருள் எந்த இடத்தில் இருக்கும் என்று தெரியும். பலரும் தவறவிடுவது இதைத்தான். டயரின் உட்புறத்தை ஒரு துணியால் துடைத்தோம். துணி ஓரிடத்தில் சிக்கியது. அரை அங்குல எஃகு இழை. இதை எடுக்காமல் புது ட்யூப் போட்டிருந்தால் அடுத்த கிலோமீட்டரில் மறுபடியும் இறங்கியிருப்போம்.

ஓட்டையைச் சுற்றி உப்புத்தாளால் தேய்த்து, பட்டையைவிட அகலமாக சொல்யூஷன் தடவினார். உடனே ஒட்டப் போனவரை நிறுத்தினேன். ஈரப் பளபளப்பு மங்கும்வரை ஐந்து நிமிடம் விடவேண்டும். சொல்யூஷன் என்பது ரப்பரைக் கரைப்பானில் கரைத்த பசை. கரைப்பான் பறந்தபின்தான் பட்டையும் ட்யூபும் ஒன்றாகப் பிணையும். பிறகு பட்டையை நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தினார். டயரில் விழுந்த கீறல் இன்னும் பெரிதாக இருந்திருந்தால் உள்ளே ஒரு வெள்ளி நோட்டை மடித்து வைத்திருக்கலாம். நம் ஒரு வெள்ளி நோட்டு பாலிமர். நனைந்தாலும் கிழியாது, வீடு வரை தாங்கும்.

அந்த ட்யூப் இயற்கை ரப்பர் அல்ல, காற்றை நன்றாகத் தக்கவைக்கும் பியூட்டைல் என்ற செயற்கை ரப்பர். அமெரிக்காவில் 1937இல் கண்டுபிடித்தது. அது உலகெங்கும் பரவியதற்கு இந்தச் சாலைக்கும் ஒரு பங்குண்டு. 1941 டிசம்பரில் ஜப்பானியப் படை இதே தடத்தில் தெற்கே இறங்கியது. அதில் ஆயிரக்கணக்கானோர் சைக்கிளில் வந்தார்கள். மாத இறுதிக்குள் ஈப்போ விழுந்தது. வெயிலில் டயர் வெடித்தபோது வெறும் ரிம்மில் ஓட்டினார்கள்; இரவில் தாரின்மேல் எழுந்த அந்த இரும்புச் சத்தத்தைக் கவச வண்டி என்று எதிரிகள் நினைத்ததுண்டு. ஒவ்வொரு கம்பெனியோடும் குறைந்தது இரண்டு பேர் கொண்ட பழுதுபார்க்கும் குழு இருந்தது என்று அப்படையின் திட்ட அதிகாரி சுஜி மசநோபு எழுதியிருக்கிறார். போருக்கு முன்பே ஜப்பானியச் சைக்கிள்கள் மலாயாவில் விற்றுக்கொண்டிருந்ததால் உதிரிப்பாகத்துக்கும் பஞ்சமில்லை. மலாயா கைவிட்டுப் போனதும் நேச நாடுகளுக்கு இயற்கை ரப்பர் அடைபட்டது. செயற்கை ரப்பர் ஆலைகள் அவசர அவசரமாக எழுந்தன. பால்மரத்தின் விலையை அசைத்த அந்தப் பொருள் பால்மரத் தோட்டத்து வாசலில் எங்கள் கையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தது.

1877இன் மரம்

சாலாக் உத்தாரா தாண்டி, பேராக் ஆற்றின் மேல் 1932இல் கட்டிய இஸ்கந்தர் பாலத்தில் ஏறி, கோலகங்சாருக்குள் நுழைந்தோம். மாவட்ட நில அலுவலகத்தின் அருகே, வேலிக்குள் அந்தப் பால்மரம் நிற்கிறது. 1876இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்கு எழுபதாயிரம் விதைகளைக் கொண்டுபோனார். அவற்றில் முளைத்தவை சில ஆயிரமே. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன; ஒன்பதைப் பேராக் ரெசிடெண்ட் ஹியூ லோ கோலகங்சாரில் நட்டார். அந்த ஒன்பதில் மிஞ்சியது இது.

நட்டபோது யாருக்கும் இது வேண்டியிருக்கவில்லை. தோட்டக்காரர்கள் காப்பியில் மூழ்கியிருந்தார்கள். 1888இல் பெல்ஃபாஸ்டில் ஜான் பாய்ட் டன்லப் தன் மகனின் மூன்று சக்கர வண்டிக்குக் காற்றடைத்த ரப்பர் டயர் செய்தார். தொண்ணூறுகளில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சைக்கிள் பைத்தியம் பிடித்தது. 1896இல் மலாக்காவில் டான் சே யான் வணிகத்துக்காக முதல் ரப்பர்த் தோட்டம் போட்டார். மோட்டார் கார் வந்து பசியைப் பெருக்குவதற்கு முன்பே, ரப்பருக்கு உலகத்தை ஏங்கவைத்தது சைக்கிள் டயர்தான். அந்தத் தோட்டங்களில் பால் வெட்டத்தான் தஞ்சாவூரிலிருந்தும் சேலத்திலிருந்தும் வடஆர்க்காட்டிலிருந்தும் நம்மவர்களைக் கப்பலேற்றினார்கள். நமக்கும் சைக்கிளுக்கும் உள்ள உறவு பொழுதுபோக்கில் தொடங்கியது அல்ல.

"அப்ப நம்ம இங்க வந்ததுக்கு டயர்தான் காரணமா?" என்றார் அந்தப் பெண். பாதிக் காரணம் என்றேன். "மீதிப் பாதி?" பசி.

வாளியும் துணியும்

திரும்பும்போது நண்பர் ஒருவரின் பிக்கப்பில் வண்டிகளை ஏற்றிக்கொண்டோம். உண்மையான வேலை வீட்டு வாசலில்தான். அரைமணி நேரம் போதும்.

வாளித் தண்ணீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் எடுத்துக்கொண்டோம். கார் கழுவும் அழுத்தக் குழாயை ஹப்பிலும் பெடல் அச்சிலும் பாய்ச்சக்கூடாது. பால்ரஸுக்குள் இருக்கும் கிரீஸைக் கழுவிவிடும். செயினை மண்ணெண்ணெய் தொட்ட துணியால் பிடித்துப் பெடலைப் பின்னோக்கிச் சுற்றினோம். கந்தானின் பொடியும் தோட்டத்தின் செம்மண்ணும் கறுப்பாகத் துணியில் வந்தன. காய்ந்தபின் செயினின் ஒவ்வோர் உருளைக்கும் ஒரு சொட்டு எண்ணெய். பத்து நிமிடம் கழித்து, வெளியே தெரியும் எண்ணெயை முழுக்கத் துடைக்கவேண்டும். எண்ணெய் வேலைசெய்வது உருளைக்கு உள்ளே; வெளியே இருப்பது மண்ணைச் சேர்க்கிறது.

பிறகு இரும்பு அளவுகோல். புதுச் செயினில் ஒரு முள்ளிலிருந்து அதற்கு அடுத்த இருபத்துநான்காவது முள் வரை சரியாக 12 அங்குலம். அது 12 அங்குலமும் பதினாறில் ஒரு பங்குமாக நீண்டால் செயினை மாற்றவேண்டும். எட்டில் ஒரு பங்கு நீளும்வரை விட்டால் பற்சக்கரமும் தேய்ந்திருக்கும். செலவு பல மடங்கு. அந்தப் பெண்ணின் செயின் முதல் எல்லையைத் தொட்டிருந்தது. அவர் நினைத்துக்கூடப் பார்க்காத செலவு இது. சக்கரத்துக்கு முன்னால் வரவேண்டியது.

பிரேக் கட்டையில் பள்ளக்கோடு தெரிகிறதா என்று பார்த்தோம். கட்டையில் குத்தி நின்ற அலுமினியத் துணுக்குகளை ஊசியால் நோண்டி எடுத்தார்; அவை ரிம்மைக் கீறும். டிஸ்க் பிரேக் வைத்திருப்பவர்கள் எண்ணெய்ப் புட்டியை வட்டின் பக்கமே கொண்டுபோகக்கூடாது. நம் ஊரில் இன்னொரு எதிரி வியர்வை. உப்பு ஸ்டெம் திருகுகளில் இறங்கித் துருப்பிடிக்கும்; ஹேண்டில் டேப்புக்கு அடியில் அலுமினியத்தை அரிக்கும். ஓட்டி முடித்ததும் ஈரத்துணியால் ஒரு துடைப்பு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை சீட் தண்டை உருவிக் கிரீஸ் தடவி, பழைய குறியிலேயே இறக்கவேண்டும். விட்டால் சட்டத்தோடு ஒட்டிக்கொள்ளும். மழையில் நனைந்த வண்டியானால் தண்டை உருவிய துளைவழியே உள்ளே தேங்கிய நீரையும் கவிழ்த்துவிடலாம். பெடலைக் கழற்றும்போது இடது பெடல் எதிர்மரை என்பதை மறக்கக்கூடாது.

கார்பன் சக்கரப் பணத்தை என்ன செய்வது என்று கடைசியில் பேச்சு வந்தது. சாலை ஏற்கெனவே வரிசை போட்டுக் கொடுத்திருந்தது. அழுத்தம் காட்டும் தரைப் பம்பு முதலில். அது இல்லாமல் 60ஆ 110ஆ என்று யாருக்கும் தெரியாது. பிறகு புதுச் செயின், பிரேக் கட்டை, நல்ல பின்விளக்கு. நீண்ட தூரம் போகிறவருக்குப் பஞ்சு வைத்த கால்சட்டை. ஓர் ஆலன் சாவித் தொகுப்பு, இரண்டு ட்யூப், பஞ்சர்ப் பெட்டி. இவ்வளவும் வாங்கிய பிறகும் அவருடைய உண்டியலில் பாதிக்கு மேல் மிச்சம். சக்கரம் வேண்டாம் என்று அவர் முடிவு செய்யவில்லை. சீட் இன்னும் ஒன்றரை சென்டி ஏறவேண்டியிருக்கிறது, அது ஏறி முடிந்ததும் யோசிக்கிறேன் என்றார். இதைவிடச் சரியான வரிசையை எந்தக் கடைக்காரரும் சொல்லப் போவதில்லை.